ஒரு அடியும் அடிக்காத கேரக்டரை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஆக்‌ஷன் ஆர்பிஜி (கேரக்டரை வளர்த்துச் சண்டை போடும் வீடியோ கேம்) ஒன்றில் எதிரியை ஒரு முறைகூடத் தாக்காமல், நடப்பதையும் நிற்பதையும் அடி வாங்குவதையும் மட்டுமே வைத்து ஆட்டத்தை முடிக்கும் பில்டை, அதாவது ஸ்கில், ஐட்டம், புள்ளிகளின் சேர்க்கையை, எப்படி உருவாக்குவது? கேட்டவர் டயாப்லோ 2-இல் தார்ன்ஸ் ஆரா (அடிப்பவனுக்கே அடியைத் திருப்பும் சக்தி) போட்ட பாலடின் என்ற புனித வீரனை வைத்து முயன்றிருக்கிறார். நார்மல் என்ற முதல் கடினநிலையில் எதிரிகள் தாங்களாகவே அடித்து அடித்துச் செத்தார்களாம். அடுத்த நிலையான நைட்மேர் வந்ததும் எதுவும் சாகவில்லை, பாலடின்தான் செத்துக்கொண்டிருக்கிறான் என்கிறார்.

முதலில் ஒரு சின்ன வம்பு. நார்மலை ஒரு அடியும் அடிக்காமல் முடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் ஆக்டில் (ஆட்டத்தின் மூன்றாம் பாகத்தில்) மெஃபிஸ்டோ என்ற பெரிய எதிரி இருக்கும் இடத்துக்குப் போக, காலிம்ஸ் வில் என்ற ஆயுதத்தைக் கையில் மாட்டிக்கொண்டு காம்பெல்லிங் ஆர்ப் என்ற உருண்டையை உடைத்தாக வேண்டும். கூட ஆடிய யாராவது உடைத்துக் கொடுத்திருந்தால் சரி. இல்லையென்றால் அந்த உருண்டை உங்கள் கையால்தான் அடி வாங்கியிருக்கிறது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எது அடி, எது அடி இல்லை என்பதை நாமே முன்கூட்டி வரையறுத்துக்கொள்ளாவிட்டால் ஆட்டம் எங்காவது நம்மை மாட்டிவிடும்.

ஆட்டத்தை உருவாக்கியவர்களே மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. 2011-இல் வந்த டியூஸ் எக்ஸ்: ஹ்யூமன் ரெவல்யூஷனில், யாரையும் கொல்லாமல் முடிப்பவர்களுக்கென்றே ஓர் அச்சீவ்மென்ட் வைத்தார்கள். ஆனால் பாஸ்கள் எனப்படும் பெரிய எதிரிகளைக் கொல்லாமல் தாண்ட வழி வைக்கவில்லை. கடைசியில் பாஸ்கள் அந்தக் கணக்கில் சேராது என்று ஆனது. பதுங்குவதிலும் பேசுவதிலும் புள்ளிகளைக் கொட்டியவர்கள் அந்த பாஸ் அறைக்குள் போய் திருதிருவென்று முழித்தார்கள். 2013-இல் வந்த டைரக்டர்ஸ் கட் பதிப்பில்தான் அந்தச் சண்டைகளை வேறு வழிகளிலும் முடிக்கும்படி மாற்றியமைத்தார்கள். 1987-இல் வந்த நெட்ஹேக் இந்த விஷயத்தில் தெளிவு. நீங்கள் உங்கள் கையால் எந்த உயிரையும் கொல்லவில்லை என்றால், ஆட்டம் முடியும்போது அதைக் குறித்துச் சொல்லும். உங்கள் வளர்ப்புப் பிராணி எத்தனை பேரைக் கடித்துக் கொன்றாலும் அது உங்கள் கணக்கில் வராது.

நான் எனக்கென்று வைத்திருக்கும் விதி இது: எதிரியைக் குறிவைத்து அழுத்தி, அதனால் நேராக டேமேஜ் விழும் எதுவும் கூடாது. என் மேல் போட்டுக்கொள்வது, தரையில் வைப்பது, ஆளை வரவழைப்பது எல்லாம் சரி. டேமேஜ் இல்லாத சாபங்களும் சரி. பிணத்தை வெடிக்க வைக்கும் கார்ப்ஸ் எக்ஸ்ப்ளோஷனைச் சிலர் அனுமதிக்கிறார்கள். என் கணக்கில் அது அடிதான். பக்கத்தில் நிற்பவனைப் பிணத்தால் அடிப்பதை வேறு என்னவென்று சொல்வது? நீங்கள் வேறு இடத்தில் கோடு போடலாம். ஆனால் கேரக்டரை உருவாக்குவதற்கு முன்னால் போடுங்கள். நடுவில் போட்டால் வசதிக்கேற்ப அது வளையும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் தார்ன்ஸ் என்ற ஸ்கில்லிலிருந்து தொடங்கி அதைச் சுற்றி பில்டைக் கட்டியிருக்கிறீர்கள். அங்கேதான் பிசகு. அடிக்காத கேரக்டர் என்றாலும் எதிரி சாக வேண்டும், அதாவது யாரோ ஒருவர் கொல்ல வேண்டும். அந்த வேலையை யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. எதிரியிடமே கொடுக்கலாம், அதுதான் தார்ன்ஸ். உங்களைச் சுற்றியுள்ள காற்றிடம் கொடுக்கலாம், அது எரியும் ஆரா. ஆள் வைத்து அடிக்கலாம், அது மினியன். மூன்றும் வெவ்வேறு இடங்களில் வலுவாகவும் வெவ்வேறு இடங்களில் நொண்டியாகவும் இருக்கும். ஒன்றை மட்டும் நம்பினால், அது நொண்டும் இடத்தில் நீங்கள் சாவீர்கள்.

தார்ன்ஸை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்களுடைய வலி அங்கேதான் இருக்கிறது. டயாப்லோ 2-இன் விரிவாக்கமான லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் காலத்துப் பாலடினின் தார்ன்ஸ், முதல் லெவலில் வாங்கிய அடியில் 250% திருப்பிக் கொடுக்கும். ஒவ்வொரு லெவலுக்கும் 40% கூடி, இருபதாவது லெவலில் 1010% ஆகும். பத்து மடங்கு! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் கற்பனையாக எடுத்துக்கொள்பவை, வசதிக்காகத் திருப்பும் அளவை நேராக 1000% என்று வைக்கிறேன். நார்மலில் 600 உயிர் உள்ள எதிரி 25 அடிக்கிறான் என்றால் 250 திரும்பும், மூன்று அடியில் முடிந்தது. நைட்மேரில் அதே வகை எதிரிக்கு உயிர் 3000, அடி 45 என்று வையுங்கள். ஏழு அடி வேண்டும். இதுவும் பரவாயில்லை. இப்போது எட்டுப் பேர் இருக்கும் ஆட்டத்துக்குள் நுழைகிறீர்கள். டயாப்லோ 2-இல் கூடுதலாக வரும் ஒவ்வொரு ஆளுக்கும் எதிரியின் உயிர் 50% ஏறும், எட்டுப் பேர் என்றால் நாலரை மடங்கு. அடியோ அந்த வேகத்தில் ஏறாது. 3000 என்பது 13,500 ஆகிவிட்டது, திரும்புவது அதே 450. முப்பது அடி.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஓர் எதிரி சாவதற்குள் நீங்கள் மொத்தமாக வாங்க வேண்டிய அடி, அவன் பலமாக அடிக்கிறானா மெல்ல அடிக்கிறானா என்பதைப் பொறுத்ததே அல்ல. அவனுடைய உயிரைத் திருப்பும் மடங்கால் வகுத்தால் வருவதுதான் விலை. 13,500 உயிருக்குப் பத்து மடங்கு என்றால் 1350. ஒரே அடியில் வாங்கினாலும் முப்பது அடியில் வாங்கினாலும் 1350தான். ஐந்து பேர் சூழ்ந்தால் 6750. உங்கள் பாலடினிடம் அவ்வளவு உயிர் கிடையாது. நைட்மேரில் நடந்தது இதுதான். எதிரி முரடனானதை விட, அவன் தடியனானதுதான் காரணம்.

அடுத்த கேள்வி, இந்த விலையைக் குறைக்க முடியுமா என்பது. அதற்கு ஆட்டத்தின் ஒரு நுணுக்கம் தெரிய வேண்டும். திருப்பியடிக்கும் கணக்கை உங்கள் கவசம் அடியைக் குறைப்பதற்கு முன்பு போடுகிறார்களா, பின்பு போடுகிறார்களா? முன்பு என்றால் யோகம். 45 அடிக்கு 450 திரும்பும், ஆனால் உங்களுக்கு விழுவது 20 மட்டும். பாதுகாப்பில் போடும் ஒவ்வொரு புள்ளியும் நேராக லாபம். பின்பு என்றால், பாதி அடி விழும்போது பாதிதான் திரும்பும். எதிரி சாக இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், மொத்த விலை மாறாது. அப்போது கவசத்தால் என்ன பயன் என்றால், நேரம். விலை அதேதான், ஆனால் தவணையில் கட்டலாம். நொடிக்கு இவ்வளவு உயிர் தானாகத் திரும்பும் ரீஜெனரேஷன் இருந்தால், அந்தத் தவணையை அதுவே கட்டிவிடும். ஏய்ப்பதும் இப்படித்தான். தவறிய அடி திரும்பாது, ஆனால் உங்களுக்கு நட்டமும் இல்லை.

சதவீதமாக இல்லாமல் 'அடித்தவனுக்கு இத்தனை டேமேஜ்' என்று நிலையான எண்ணாகத் திருப்பும் ஆட்டங்கள், ஐட்டங்கள் உண்டு. அங்கே கதை வேறு. வேகமாக, சின்னச் சின்னதாகக் குத்தும் எதிரிதான் உங்களுக்கு விருந்து. ஓங்கி ஒரே அடி அடிக்கும் ராட்சதன் வில்லன். கவசம் எப்போதுமே லாபம். எந்த வகை என்று தெரியாமல் ஐட்டம் சேர்க்காதீர்கள்.

இன்னும் ஒரு குழப்பம். எதிரியை மெதுவாக்கும் எதுவும் பாதுகாப்புக்கு நல்லது என்று எல்லோரும் நினைக்கிறோம். தார்ன்ஸுக்கு அது எதிரி. அடிக்க வருகிறவனின் கையைப் பிடித்துக்கொண்டால் அவன் எப்படித் தன்னைத்தானே கொன்றுகொள்வான்? டயாப்லோ 2-இல் பிணங்களையும் சாபங்களையும் கையாளும் நெக்ரோமான்சரின் டெக்ரெபிஃபை சாபம் எதிரியின் வேகத்தையும் அடியையும் சேர்த்தே குறைக்கும். மற்ற பில்டுகளுக்கு வரம், இதற்கு வேட்டு. நான் முதன்முதலில் செய்த தார்ன்ஸ் கேரக்டரில், எதிரிகளைக் குளிரால் உறைய வைக்கும் ஒரு ஐட்டத்தை ஆசை ஆசையாகப் போட்டுக்கொண்டு, ஏன் ஒருத்தனும் சாகவில்லை என்று இரண்டு மாலைப் பொழுதுகள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

தார்ன்ஸின் பெரிய ஓட்டை, தூரத்திலிருந்து அடிப்பவர்கள். டயாப்லோ 2-இன் தார்ன்ஸும் ஐயர்ன் மெய்டன் சாபமும் பக்கத்தில் வந்து அடிப்பவனுக்குத்தான். வில்லாளிக்கும் மந்திரவாதிக்கும் ஒன்றும் ஆகாது. அவர்களுக்கு வேறு ஆள் வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஐயர்ன் மெய்டன் பற்றி ஒரு பக்கக் கதை. நெக்ரோமான்சர் எதிரியின் மேல் போடும் சாபம் இது. சாபம் பட்டவன் யாரை அடித்தாலும் அது அவனுக்கே பல மடங்காகத் திரும்பும், தன் வினை தன்னைச் சுடும் என்பதன் நேரடி வடிவம். கேயாஸ் சேங்க்சுவரி என்ற இடத்தில் இருக்கும் ஒப்லிவியன் நைட் என்ற எதிரிகளும் இதே சாபத்தை நம் மேல் போடுவார்கள். நன்றாக வளர்ந்த பார்பேரியன் ஒருவன் சுழன்று ஒரு சுற்று சுற்றுவான், அடுத்த நொடி அவனே பிணமாகக் கிடப்பான். எவ்வளவு பலமாக அடித்தானோ அவ்வளவு வேகமாகச் செத்தான். 2010-இல் வந்த 1.13 பேட்சில் (திருத்தப் பதிப்பில்) அந்த நைட்களிடமிருந்து சாபத்தைப் பிடுங்கிவிட்டார்கள். நம்முடைய அடி பெரியது, உயிர் சின்னது. அதனால்தான் நம்மேல் போட்டால் அது அவ்வளவு கொடூரமாக வேலை செய்தது. எதிரிகளுக்கு உயிர் பெரியது, அடி சின்னது. அதே சாபம் அவர்கள் மேல் மந்தமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

இந்த ஏற்றத்தாழ்வை மற்ற ஆட்டங்களும் சமாளிக்கப் பார்த்திருக்கின்றன. 2016-இல் வெளியான கிரிம் டானில் திருப்பியடித்தலுக்கு ரிடாலியேஷன் என்று பெயர், பல ஸ்கில்களும் ஐட்டங்களும் அதற்காகவே இருக்கின்றன. 2019-இல் ஃபர்காட்டன் காட்ஸ் விரிவாக்கத்தோடு ஓத்கீப்பர் என்ற வகுப்பு வந்தபோது, ரிடாலியேஷன் டேமேஜில் ஒரு பங்கை நம் சொந்த அடியோடு சேர்த்துக்கொள்ளும் வசதியையும் கொண்டுவந்தார்கள். பில்ட் வலுவானது, ஆனால் அடிக்காத பில்டாக இல்லாமல் போனது. சும்மா நின்று அடி வாங்குவதை மட்டும் வைத்து ஆட்டத்தின் கடைசிவரை போவது கடினம் என்று உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

அடுத்து எரியும் ஆரா. என் ருசிக்கு இதுதான் உண்மையான அடிக்காத பில்ட், ஏனென்றால் இதில் எதிரி ஒத்துழைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தால் போதும். டயாப்லோ 2 பாலடினின் ஹோலி ஃபயர், நார்மலின் ஆரம்பத்தில் எதிரிகளை நடந்தே சாகடிக்கும். பாத் ஆஃப் எக்ஸைல் என்ற ஆட்டத்தில் ரைச்சஸ் ஃபயர் என்ற ஸ்கில்லை ஒரு முறை போட்டால் போதும், உங்களைச் சுற்றி எரிந்துகொண்டே இருக்கும். சிக்கல் என்னவென்றால் உங்களையும் சேர்த்தே எரிக்கும். நொடிக்கு உங்கள் அதிகபட்ச உயிரில் 90% அளவு தீ டேமேஜ்.

90% என்றதும் பயந்துவிடாதீர்கள், தீ ரெசிஸ்டன்ஸ், அதாவது தீயைத் தாங்கும் எதிர்ப்பு, அதைக் குறைக்கும். வழக்கமான உச்சமான 75% இருந்தால் நொடிக்கு 22.5% உயிர் போகும். உச்சத்தையே 85%-க்கு ஏற்றினால் 13.5%. ஆட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லையான 90%-இல் வெறும் 9%. 75-லிருந்து 90 என்பது பார்க்கப் பதினைந்து புள்ளிதான், ஆனால் எரிச்சல் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இதனால்தான் அந்த பில்டில் அதிகபட்சத் தீ ரெசிஸ்டன்ஸை ஒரே ஒரு புள்ளி கூட்டும் ஐட்டத்துக்கும் அடிதடி. மீதியை ரீஜெனரேஷன் ஈடுகட்ட வேண்டும். எரிப்பது உயிரின் சதவீதமாக இருப்பதால் ரீஜெனரேஷனும் சதவீதமாக இருக்க வேண்டும். நொடிக்கு இத்தனை என்று நிலையான எண்ணைத் தரும் ஐட்டங்கள், உயிர் ஏற ஏற ஈடுகொடுக்காது.

அந்த உயிர்தான் ஆயுதமும்கூட. ரைச்சஸ் ஃபயர் எதிரிக்குக் கொடுக்கும் டேமேஜ் உங்கள் உயிரின் அளவைப் பொறுத்தது. பாதுகாப்புக்குப் போடும் புள்ளி தாக்குதலுக்கும் சேர்கிறது. அடிக்காத பில்டுக்கு ஸ்கில் தேடும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இரட்டைப் பலனைத்தான். தார்ன்ஸில் உயிரைக் கூட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவீர்கள், அவ்வளவே.

இதில் இறங்குபவர்கள் சறுக்கும் ஓர் இடம் உண்டு. ஐந்தாம் ஆக்டில் கிடாவா என்ற பாஸை வீழ்த்தியதும் எல்லா ரெசிஸ்டன்ஸிலும் 30% நிரந்தரமாகக் குறையும், பத்தாம் ஆக்டின் முடிவில் இன்னொரு 30%. அதுவரை சுகமாக எரிந்துகொண்டிருந்த கேரக்டர், ஆக்ட் மாறியதும் தன் நெருப்பிலேயே கருக ஆரம்பிக்கும். நெருப்பு உங்களைக் கொல்லாது, உயிர் 1 ஆனதும் அணைந்துவிடும். ஆனால் 1 உயிரோடு நிற்பவனைக் கொல்ல ஒரு கொசு போதும். முன்கூட்டியே ரெசிஸ்டன்ஸை உச்சத்துக்கு மேலே சேர்த்துவைத்துக்கொண்டுதான் அந்தச் சண்டைக்குப் போக வேண்டும்.

ஆராவோடு ஆடும்போது கால்தான் கை. கூட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, எல்லோரையும் ஒரே இடத்தில் சேர்த்து, அந்தக் குவியலைத் தொட்டும் தொடாமலும் நகர வேண்டும். 2022-இல் முழுமையாக வெளிவந்த வேம்பயர் சர்வைவர்ஸ் ஆடியிருந்தால் உங்களுக்கு இது உடனே புரியும். அங்கே ஆயுதங்கள் தாமாகவே இயங்கும், ஆடுபவர் செய்வது நகர்வது மட்டும். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, இன்னும் மூன்று நொடியில் எந்தப் பக்கம் மூடும் என்று பார்ப்பதே ஒரு முழு ஆட்டம்.

இன்னொன்று, ஆராவும் தார்ன்ஸும் எல்லோர் மேலும் ஒரே நேரத்தில் வேலை செய்பவை. ஓர் எதிரி சாக இருபது நொடி ஆகிறது என்றால் மோசம் என்று தோன்றும். ஆனால் முப்பது பேர் சாகவும் அதே இருபது நொடிதான். அதனால் எதிரிகளை ஒவ்வொருவராகச் சந்திப்பதுதான் இந்த பில்டில் பெரிய வீண். கூட்டம் சேர்ப்பதற்கான வேகமும் அதைத் தாங்கும் தடிமனும்தான் உங்கள் டேமேஜ். இதன் மறுபக்கம் கசப்பானது. எதிரே ஒரே ஒரு பாஸ் நின்றால், அந்தப் பெருக்கல் முழுவதும் போய்விடும். ரைச்சஸ் ஃபயர் ஆடுபவர்களிலேயே பலர் பாஸுக்காக ஃபயர் ட்ராப் என்ற பொறியையும் கூட வைத்திருப்பது இதனால்தான்.

அப்புறம் மினியன். ஆள் வைத்து அடிப்பது. இதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் வழக்கமான அறிவுரைகளைத் தவிர்க்கிறேன். கவனிக்க வேண்டிய ஒன்று, உங்கள் பலம் ஆட்களுக்குப் போய்ச் சேர்கிறதா என்பது. கிரிம் டானில் உங்கள் சொந்த டேமேஜ் போனஸ் எதுவும் பிராணிகளுக்குப் போகாது. 'எல்லாப் பிராணிகளுக்கும் போனஸ்' என்று தனியாக எழுதியிருக்கும் ஐட்டம்தான் வேலை செய்யும். இது தெரியாமல் பளபளக்கும் அங்கிகளைப் போட்டுக்கொண்டு, காக்கையும் வேட்டைநாயும் ஏன் சோம்பேறியாக இருக்கின்றன என்று திட்டுபவர்கள் உண்டு.

கறாராக ஆடுபவர்களுக்கு டயாப்லோ 2 நெக்ரோமான்சரில் ஒரு சுவையான புதிர் இருக்கிறது. எலும்புக்கூட்டை எழுப்பும் சக்தி அவனுடைய ஆரம்பக் கோலிலேயே உண்டு. ஆனால் எழுப்பப் பிணம் வேண்டும். முதல் பிணத்தை யார் உண்டாக்குவது? பிணம் தேவைப்படாத களிமண் கோலெம் ஆறாவது லெவலில்தான். கூலிக்கு வரும் வில்லாளிப் பெண்ணும் முதல் நிமிடத்தில் கிடைக்கமாட்டாள். ஆக, தனியாக ஆடுபவர் முதல் ஓர் உயிரைத் தானே எடுத்தாக வேண்டும், அல்லது நண்பர் ஒருவரை அழைத்துவந்து அவர் கொன்றுபோட்டதை எழுப்ப வேண்டும். விதியில் 'முதல் பிணம் விலக்கு' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது என் வழக்கம்.

மினியனின் பெரிய நன்மை, அவர்கள் தூரத்தில் இருப்பவனைத் தேடிப் போவார்கள். தார்ன்ஸும் ஆராவும் விட்டுவைக்கும் வில்லாளிகளை இவர்கள்தான் முடிப்பார்கள். எதிரிகளை ஒருவரோடு ஒருவர் மோதவிடும் சாபங்களும் இந்த வகையில் சேரும். ஆட்ராக்டும் கன்ஃப்யூஸும் பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் இக்கட்டில் தப்பிக்கத்தான் நான் அவற்றைப் பயன்படுத்துகிறேன். முழு ஆட்டத்தையும் அவற்றை நம்பி ஓட்டப் பொறுமை போதவில்லை. குழுவில் எல்லோருக்கும் ஆரா கொடுத்துக்கொண்டு பின்னால் நிற்கும் கேரக்டரும் அடிக்காத கேரக்டர்தான். அது நண்பர்கள் கையில் இருக்கிறது, திட்டமிட அதிகம் ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் பாலடின். அவனைத் தூக்கிப் போட வேண்டாம். 1.13 பேட்சிலிருந்து ஒவ்வொரு டிஃபிகல்டியிலும் டென் ஆஃப் ஈவில் என்ற வேலையை முடித்தால் அதைக் கொடுத்த அகாரா ஒரு முறை எல்லாப் புள்ளிகளையும் திருப்பித் தருவாள். நைட்மேரில் அந்த வாய்ப்பு உங்களுக்கு இருக்கும். தார்ன்ஸில் போட்டதை அப்படியே வைத்துக்கொண்டு, கொல்லும் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். கூட்டத்தைத் தார்ன்ஸ் பார்த்துக்கொள்ளட்டும். தனியாள், வில்லாளி, பாஸ் ஆகியோரை மெர்சனரி (கூலிக்கு வரும் வீரன்) பார்த்துக்கொள்ளட்டும். நைட்மேரின் இரண்டாம் ஆக்டில் ஈட்டிக்காரர்களை வாடகைக்கு எடுக்கும்போது மூன்று வகை இருக்கும். காம்பட் வகைக்குத் தார்ன்ஸ் ஆரா, டிஃபென்சிவ் வகைக்கு ஹோலி ஃப்ரீஸ், அஃபென்சிவ் வகைக்கு அடியைக் கூட்டும் மைட். தார்ன்ஸ் வகையை எடுக்கக் கை பரபரக்கும், ஆனால் அது உங்களிடமே இருக்கிறது. ஹோலி ஃப்ரீஸ் எதிரியை மெதுவாக்கும், அது ஏன் வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டேன். மைட் வகையை எடுங்கள், அடிக்கும் ஆள் அவன்தான். கூட இருப்பவனின் அடியையும் வேகத்தையும் கூட்டும் ஃபனாட்டிசிசம் ஆராவிலும் புள்ளிகள் போட்டு, சூழ்நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளப் பழகுங்கள். கூட்டம் நெருங்கினால் தார்ன்ஸ், எதிரே ஒருவன் மட்டும் நின்றால் ஃபனாட்டிசிசம். ஆராவை மாற்றுவது அடியாகாது, நானே சான்று கொடுக்கிறேன்.

உங்களிடம் இருக்கும் நல்ல ஐட்டங்களை அவனுக்குக் கொடுங்கள். குறிப்பாக, அடிக்கும்போது உயிரை உறிஞ்சும் ஈட்டியோ தலைக்கவசமோ இருந்தால் அது அவனுக்குத்தான். அவன் செத்தால் உங்கள் வலது கை போனது. உங்களுக்குத் தேவை உயிர், ரெசிஸ்டன்ஸ், அடி பட்டு நிலைகுலைந்தால் சட்டென மீளும் வேகம். டயாப்லோ 2-இல் ஒரே அடியில் உங்கள் உயிரில் பன்னிரண்டில் ஒரு பங்கு போனால் கேரக்டர் ஒரு கணம் நிலைகுலைந்து நிற்பான். ஐந்து பேர் மாறி மாறி அடித்தால் நகரவே முடியாது. நின்று அடி வாங்கும் பில்டில் அதிகச் சாவு இப்படித்தான் வருகிறது. கடைசி நிலையான ஹெல்லில் ரெசிஸ்டன்ஸ் 100% குறைக்கப்படும் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

நீண்ட காலத் திட்டம் வேண்டுமென்றால், ட்ரீம் என்ற ரூன்வேர்ட் (ரூன் கற்களைக் குறிப்பிட்ட வரிசையில் பதித்து உருவாக்கும் ஐட்டம்). தலைக்கவசத்தில் ஒன்று, கேடயத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் மின்னலால் தாக்கும் லெவல் 15 ஹோலி ஷாக் ஆராவைக் கொடுக்கும், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். உங்கள் சொந்த ஆரா இடம் காலியாக இருப்பதால் அங்கே கன்விக்‌ஷன் போட்டு எதிரியின் மின்னல் எதிர்ப்பைக் கரைக்கலாம். நீங்கள் நடந்து போனால் போதும், சுற்றியிருப்பவன் கருகுவான். அதற்கு வேண்டிய ஜா ரூன் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதுவும் இரண்டு வேண்டும். அதனால் இதை இப்போதைய திட்டமாக வைக்காதீர்கள், கிடைத்தால் பார்ப்போம் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள்.

புள்ளிகளைத் திருப்பி வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இப்போதிருக்கும் பாலடினை ஒரே ஒரு சாதாரண எதிரி முன்னால் நிறுத்தி, அவன் சாக எத்தனை நொடி, உங்களுக்கு எவ்வளவு உயிர் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து பேர் முன்னால். பிறகு அதே ஐந்து பேரோடு இரண்டு வில்லாளிகள். மூன்று குறிப்புகளையும் எழுதினால், எங்கே ஓட்டை என்று நான் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும். நைட்மேரின் மூன்றாம் ஆக்டிலும் அந்த உருண்டை காத்திருக்கிறது, காலிம்ஸ் வில்லை இரண்டாவது ஆயுத இடத்தில் வைத்துக்கொண்டு போங்கள். மெர்சனரி அதை உடைத்துத் தரமாட்டான்.